லிஃப்ட்காரருக்கு வாயு பிரியவில்லை

வயிற்றைக் கிழித்துத் தைத்தவர்களிடம் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். பெயர் கேட்க மாட்டார்கள், அது கட்டிலிலேயே தொங்குகிறது. வலிக்கிறதா என்று கேட்க மாட்டார்கள், வலிக்கும் என்று அவர்களுக்கே தெரியும். "போச்சா?" என்பார்கள். எது போச்சா என்று விளங்காமல் விழிப்பதெல்லாம் முதல் நாளோடு சரி. மறுநாளிலிருந்து நோயாளியும் அது ஒன்றையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பார். கீழே காற்றுப் பிரிந்தால்தான் வாயில் தண்ணீர். அதுவரை பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவதோடு சரி.

இதைப் போய் எழுதுவார்களா என்று முகம் சுளிப்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். அவர்களுக்கும் ஒரு நாள் வயிற்றைக் கிழிப்பார்கள், அப்போது தெரியும். கத்தி பட்ட குடல் பயந்துபோய் அசையாமல் கிடக்கும். மறுபடி வேலைக்கு வந்துவிட்டேன் என்று சொல்ல அதற்கு வேறு வாய் கிடையாது. பத்து வருஷம் படித்த டாக்டர்கள், அந்த ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாக நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாமோ அதை வாழ்நாள் முழுக்க ஒளித்து வைக்கிறோம்.

ஒளித்து வைப்பதில் நம் லிஃப்ட்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. உயரமான ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவருக்கு வேலை. பொத்தானை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம்தான். ஆனாலும் ஓர் ஆள் சீருடை போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து அமுக்கினால்தான் கட்டடத்துக்குக் கௌரவம் என்று முதலாளி நினைத்தார். ஏறுகிறவர்கள் "ஆறு" என்பார்கள், "ஒன்பது" என்பார்கள். சில பேர் அந்த வார்த்தையையும் மிச்சம் பிடித்து விரலைக் காட்டுவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவரிடம் மனிதர்கள் பேசியது எண்கள் மட்டும்தான்.

அந்தப் பெட்டிக்குள் யார் வாயு விட்டாலும் பழி ஸ்டூலில் இருப்பவர் தலையில்தான் விழும். விட்டவர் அடுத்த மாடியில் இறங்கி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நடந்துவிடுவார். லிஃப்ட்காரர் எங்கே இறங்குவது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு தடவை மானம் கப்பலேறியது. செய்தவர் ஒரு மேனேஜர், முறைக்கப்பட்டவர் இவர். அன்றிலிருந்து, தன்னுடையதையாவது யாரும் குறை சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கக் கற்றுக்கொண்டார். வேலையில் வந்த பழக்கம் வீட்டுக்கும் வந்தது. வீட்டிலும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் காரியத்தை முடிப்பார். "நீங்களும் நானும்தானே இருக்கோம், யாருக்குங்க இந்த மரியாதை?" என்று மனைவி சிரிப்பாள். அந்த மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. யாரும் இல்லாத வீட்டிலும் அவர் குழாயைத் திறந்துவிடுவதை நிறுத்தவில்லை.

மகள் ஒருத்தி. கடல் கடந்து போய்க் குடும்பம் நடத்துகிறாள். நல்ல பெண். மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாள். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரிப்பா வச்சிடறேன் என்பாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை, கைக்குழந்தை, புதிதாகச் சேர்ந்த உத்தியோகம். இவருக்கும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. இன்றைக்கு லிஃப்ட் மேலே போனது, பிறகு கீழே வந்தது என்றா சொல்வது?

ஒரு நாள் வேலை நேரத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து சரிந்துவிட்டார். வாட்ச்மேன்தான் அள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி உடனே கிழித்தார்கள், நேராக்கினார்கள், தைத்தார்கள். கண் விழித்தபோது ஒரு நர்ஸ் குனிந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இனிமே ஒரே ஒரு வேலைதான் உங்களுக்கு. காத்து பிரிஞ்சா உடனே சொல்லணும். வெக்கப்படக் கூடாது."

அடுத்த கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர். அவருக்கு வெட்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. லிஃப்ட்காரர் வந்த மறுநாள் காலையில் டிரைவருக்குப் போயிற்று. வார்டே திரும்பிப் பார்க்கும்படி போயிற்று. அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருக்குப் பிரிந்துவிட்டால் மற்றவர்கள் படுத்தபடியே கைதட்டுவார்கள். தையல் போட்டவர்கள் சிரிக்கக் கூடாது என்பதால் கைதட்டலோடு நிறுத்திக்கொள்வார்கள். பஸ் டிரைவர் கையை உயர்த்திக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "அண்ணே, நம்ம வண்டி கெளம்பிடுச்சு. உங்க வண்டி எப்போ?" என்றார்.

லிஃப்ட்காரர் கூச்சத்தோடு சிரித்தார். யாரோ தன்னை அண்ணே என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தார்.

அன்றிலிருந்து பார்க்க வேண்டுமே. காலையில் சின்ன டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "போச்சா?" என்றார். தரை துடைக்கிற அம்மாள் கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டபடியே, "போச்சா பெரியவரே?" என்றாள். பஸ் டிரைவரைப் பார்க்க வந்த அவர் மனைவி, தன் புருஷனை விசாரிக்கும் முன்பே, "அண்ணனுக்குப் போச்சா?" என்றாள். வாட்ச்மேன் போன் செய்து, "கட்டடமே உங்களைக் கேக்குதுண்ணே. அஞ்சாவது மாடி மேடம்கூட கேட்டாங்க" என்றார். ஐந்தாவது மாடி மேடம் இத்தனை வருஷத்தில் ஐந்து என்பதைத் தவிர ஒரு சொல் சொன்னதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், மகள் கூப்பிட்டாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. "போச்சாப்பா?" என்று தொடங்குவாள். இல்லை என்றதும் அவர் பயந்துவிடக் கூடாதே என்று வேறு எதையாவது பேசுவாள். குழந்தை சோப்புக் கட்டியைக் கடித்துவிட்டதைச் சொன்னாள். மாடி வீட்டுக்காரனோடு சண்டை போட்டதைச் சொன்னாள். சின்ன வயதில் லிஃப்டுக்குள் அவர் மடியில் உட்கார்ந்து எல்லாப் பொத்தானையும் அமுக்கி முதலாளியிடம் திட்டு வாங்கிக் கொடுத்ததைச் சொல்லிச் சிரித்தாள். போனை வைத்த பிறகும் லிஃப்ட்காரர் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பார்.

இப்படி இரண்டு நாள் போன பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தள்ளுவண்டி கடகடவென்று வார்டுக்குள் வந்தபோது, அவருக்குப் போய்விட்டது. சின்னதாக, சத்தமில்லாமல். வண்டிச் சத்தத்தில் ஒளிந்துகொண்டு போயிற்று. உடம்பு பழைய பாடத்தை மறக்கவில்லை. வயிறு லேசானது, அவருக்குக் கண்ணே நிறைந்தது. நர்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"அப்பா, போச்சாப்பா?"

போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள், அப்பாடா என்பாள். உடம்பைப் பார்த்துக்கோங்க என்பாள். பிறகு அடுத்த மாதம் கூப்பிடுவாள்.

"இல்லம்மா," என்றார் லிஃப்ட்காரர்.

அவள் கலங்கிப்போய் நிறைய நேரம் பேசினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. குடல் சரியாகிவிட்ட மனுஷன், தண்ணீர் கேட்டால் கிடைக்கும், கஞ்சி கேட்டால் கிடைக்கும், ஆனால் பஞ்சுத் தண்ணீரை நக்கிக்கொண்டு பட்டினி கிடந்தார். பசி வயிற்றைப் பிறாண்டியது. அதையும் அடக்கினார். தள்ளுவண்டி வருகிற நேரம் எது, யார் எப்போது இருமுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. அந்தச் சத்தங்களின் நிழலில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டார். ஒருநாள் பஸ் டிரைவர் மூக்கை உறிஞ்சிச் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்துவிட்டு, தன்னுடையதுதான் என்று முடிவு செய்துகொண்டார். பெருந்தன்மையான மனிதர்.

பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்தார். வயிற்றைத் தட்டினார், அழுத்தினார், காதை வைத்துக் கேட்டார், புருவத்தைச் சுருக்கினார். "சத்தம் நல்லாத்தான் கேக்குது. ஏன் போகல?" என்று மாணவர்களைப் பார்த்தார். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரிய டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார்.

"பெரியவரே, நீங்க வெக்கப்பட்டு அடக்குறீங்களோன்னு எனக்கு சந்தேகம். ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ஆரோக்கியமா இருக்கற மனுஷன் ஒரு நாளைக்குப் பத்து தடவைக்கு மேல விடறான். ராஜாவா இருந்தாலும் விடறான், ராணியா இருந்தாலும் விடறாங்க. குடலுக்குள்ள இருக்கற கிருமிங்க நார்ச்சத்தைத் தின்னு வேலை செய்யுதுங்கறதுக்கு அதுதான் அத்தாட்சி. விட்டா வயித்து உப்புசம் கொறையும், வலி கொறையும். நெஞ்சு வலின்னு பயந்துட்டு என்கிட்ட ஓடி வர்றவங்கள்ல எத்தனை பேருக்கு வெறும் வாயு தெரியுமா? போனவுடனே சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போறாங்க. அடக்கறதுதான் கெட்ட பழக்கம். புரியுதா?"

மாணவர்களில் ஒருத்தி அதையெல்லாம் மும்முரமாகக் குறித்துக்கொண்டாள். லிஃப்ட்காரர் தலையாட்டினார். தனக்காக ஒரு பெரிய மனுஷன் உட்கார்ந்து இவ்வளவு நேரம் பேசுகிறாரே என்ற ஆச்சரியத்தில் அவர் பாதியைத்தான் கேட்டார்.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். இல்லன்னா ஸ்கேன் எடுத்துட்டு, தேவைப்பட்டா மறுபடி திறக்கணும்," என்று சொல்லி எழுந்தார் டாக்டர்.

மறுபடி திறப்பது என்றதும், சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டதும் முதலில் அதைத்தான் சொன்னார், மறுபடி திறப்பார்களாம் என்று.

"நான் வரேம்பா. இன்னிக்கே டிக்கெட் போடறேன்."

அவ்வளவுதான். சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டார். அவருக்கு மகள் வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து நேராகப் போட்டார். பார்வை நேரத்தில் எல்லோருடைய நாற்காலியிலும் ஆள் இருக்கும், இவருடையதில் பக்கத்துக் கட்டில்களுக்கு வந்தவர்கள் பை வைத்துவிட்டுப் போவார்கள். நாளைக்கு அதில் அவள் உட்காருவாள். வந்த பிறகு போனால் என்ன, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போ போச்சும்மா என்று சொன்னால் போயிற்று என்று கணக்குப் போட்டார். பசியே தெரியவில்லை அவருக்கு.

மறுநாள் காலை, போன் வழக்கத்துக்கு முன்பே அடித்தது. பின்னால் விமான நிலையத்து அறிவிப்புகள் கேட்டன. மகள்தான். அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல ஏறிடுவேன். பாப்பாவுக்கு ராத்திரிலேர்ந்து காய்ச்சல். பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன், உங்க மாப்பிள்ளை வெளியூர் போயிருக்கார். கெளம்பறப்போ கழுத்தைக் கட்டிக்கிட்டு விடவே மாட்டேங்கறா. ஆபீஸ்ல இப்போ போனா திரும்பி வராதேன்னுட்டாங்க. போகட்டும்பா, வேலை கெடைக்கும்." மூச்சு வாங்கினாள். "அம்மாவுக்கு நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. மூடி வச்ச முகத்தைத்தான் பாத்தேன். உங்களுக்கும் அப்படி ஆயிடக் கூடாதுப்பா. நான் வர்ற வரைக்கும் இருங்கப்பா. இருப்பீங்கல்ல?"

அவள் தன்னைப் பார்க்க வருவதாகத்தான் அவர் நினைத்திருந்தார். அவள் பிணத்தைப் பார்க்கப் பயந்து ஓடி வருகிறாள். ச்சீ என்று ஆகிவிட்டது அவருக்கு.

"அம்மா, வராத. எனக்குப் போயிடுச்சு."

"பொய் சொல்லாதீங்கப்பா."

"சத்தியமா போயிடுச்சும்மா. நேத்தே, முந்தாநேத்தே..."

"நான் அழறேன்னு சொல்றீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? பாப்பாவுக்குக் காய்ச்சல்னு கேட்டவுடனே போச்சா? நேத்து சாயங்காலம் வரைக்கும் போகல, ஆபரேஷன்னு சொன்னீங்களே!"

உண்மையைச் சொன்னால் பொய் என்கிறாள். பொய்யை உண்மை என்று நம்பி வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ விமானத்துக்கு எல்லோரையும் வரச் சொல்லி அழைத்தது.

"வரிசை ஆரம்பிச்சுட்டாங்கப்பா, வைக்கறேன்."

"வைக்காத! வைக்காதம்மா. உன் காதாலயே கேளு."

சொல்லிவிட்டார். வார்டு முழுக்கத் தலைகள் திரும்பின. போனைப் போர்வைக்குள் கொண்டுபோகக் கை எட்டவில்லை, தையல் இழுத்தது. பஸ் டிரைவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, போனை வாங்கி, இடத்தைப் பார்த்துப் பிடித்தார்.

வரவில்லை.

ஆயுசு முழுக்க வராதே வராதே என்று சொன்னவர், இப்போது வா என்றால் அது எப்படி நம்பும்? முக்கினார், முகம் சிவந்தது. "அண்ணே, ஒருக்களிச்சுப் படுங்க, முட்டியை மடக்குங்க," என்றார் டிரைவர். ஓடி வந்த நர்ஸ், "தையல் தையல்!" என்று கத்திவிட்டு, விஷயம் புரிந்ததும் தலையணையை எடுத்து அவர் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "மூச்சை மெதுவா விடுங்கய்யா, அவசரப்படாதீங்க." தரை துடைக்கிற அம்மாள் தள்ளுவண்டியை வாசலிலேயே நிறுத்தி, சக்கரம் உருளாமல் பிடித்துக்கொண்டாள். இருமுகிறவர்கள் இருமலை விழுங்கினார்கள். அத்தனை பேர் பார்க்க, ஒளிந்துகொள்ள ஒரு சத்தமும் இல்லாத அறையில், லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு மகளை நினைத்தார். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாத குழந்தையை நினைத்தார். விட்டார்.

அது நீளமாக, தாராளமாக, ஏற்ற இறக்கங்களோடு வந்தது. இத்தனை வருஷத்து மரியாதை மொத்தமும் அதில் போயிற்று. பஸ் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிர, போனை ஆட்டவில்லை.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் போனையே பார்த்தார்கள்.

பிறகு மகள் சிரித்தாள். அழுகையிலிருந்து நேராகச் சிரிப்புக்கு வந்து, மறுபடி அழுதாள். டிரைவர் போனை அவசரமாகத் துடைத்து அவர் காதில் வைத்தார்.

"அப்பா, இது நீங்களா? நெஜமா நீங்கதானா? பொறந்ததிலேர்ந்து நான் கேட்டதே இல்லையேப்பா!"

"நான்தாம்மா."

"வயித்துல பால வார்த்தீங்கப்பா." மூக்கைச் சிந்தினாள். கொஞ்சம் தயங்கினாள். "அப்போ நான்... திரும்பிப் போயிடட்டுமாப்பா? பாப்பா அழுதுக்கிட்டு இருப்பா."

அவர் இழுத்து நேராகப் போட்ட நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயேன் என்று கேட்க வாய் துடித்தது. கேட்டால் வந்துவிடுவாள்.

"போம்மா. மொதல்ல பாப்பாவைப் பாரு. ஆபீசுக்குப் போன் போட்டு, ஊருக்குப் போகலைன்னு சொல்லிடு. எனக்கென்ன, நான் நல்லாயிட்டேன்."

"சரிப்பா. உடம்பைப் பாத்துக்கோங்க. வச்சிடறேன்."

அதற்குப் பிறகுதான் கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டல் அந்த வார்டில் அதற்கு முன் கேட்டதில்லை. நர்ஸ் ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். பெரிய டாக்டர் வந்து முதுகில் தட்டிக்கொடுத்து, மாணவர்களிடம் பொறுமையின் பலன் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் பார்வை நேரத்தில் டிரைவரின் மனைவி எட்டிப் பார்த்து, "அண்ணனுக்குப் போயிடுச்சாமே, சந்தோஷம்," என்று சொல்லிவிட்டுத் தன் புருஷனிடம் திரும்பிக்கொண்டாள். வாட்ச்மேன் கூப்பிடவில்லை. நாற்காலியில் யாரோ ஒரு பையை வைத்தார்கள்.

மறுநாள் காலை கஞ்சி கொடுத்தார்கள். முழுதும் குடித்தார். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார், அது அடிக்கவில்லை. டிரைவரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. எதிர்க் கட்டிலுக்கு ஆபரேஷன் ஆன புதிய ஆள் ஒருவர் வந்திருந்தார். நர்ஸ் வழக்கம்போல வார்டுக்குள் வந்தவள், லிஃப்ட்காரரின் கட்டிலைத் தாண்டி நடந்தாள்.

"சிஸ்டர், எனக்கு இன்னிக்கும் போச்சு," என்றார் அவர்.

"ரொம்ப நல்லதுய்யா," என்றாள் திரும்பாமலே. எதிர்க் கட்டிலுக்குப் போய், புதியவரின் முகத்துக்கு நேரே குனிந்து, அவர் நெற்றியில் கையை வைத்து, "போச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல சிஸ்டர்," என்றார் புதியவர்.

கொடுத்து வைத்தவர் என்று நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர்.